கம்ப்யூட்டரில் செத்த பட்டாலியன்

அத்தியாயம் 9

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் செத்துப்போனது செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு. அவர்களுக்காக அழ ஒருவரும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை. அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தவர்கள்.

ஆனால் அவர்களைக் காட்டிக்கொடுத்ததாகப் பிடித்து வைத்திருந்த பெண் நிஜம். விமானப்படை லெப்டினன்ட் யோம் தாஹே, வயது இருபத்தொன்பது. இன்றைக்கு வியாழன். மாலை ஐந்து மணிக்கு சியோலிலிருந்து ராணுவ வழக்குத்துறையின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். போய்விட்டால் அப்புறம் அவள் குற்றமற்றவள் என்று தெரிந்தாலும் சீருடை திரும்பக் கிடைக்காது. அந்த மாதிரிப் பேர் ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். இப்போது மணி இரண்டு பத்து.

மேஜர் நாம்குங் இதையெல்லாம் கர்னல் மியோங்கின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. எட்டு வருஷம் முகாம்களில் நடந்த சாவுகளை விசாரித்து, செத்தவர்களைப் பெற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லும் வேலையும் பார்த்தவர். எத்தனையாவது வீட்டில் என்று நினைவில்லை, உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய்விட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்ததன் பேரில் இந்தப் போர்ப் பயிற்சிக் கூடத்துக்கு மாற்றினார்கள். இங்கே செத்தவர்களுக்கு அம்மா அப்பா கிடையாது. அது பெரிய சௌகரியம்.

கர்னல் சொன்ன கதை இதுதான். வருஷா வருஷம் ஆகஸ்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றாகக் கோர்த்துக்கொண்டு ஐந்து நாள் பாவனைப் போர் நடத்தும். நடு முற்றத்துக்கு இந்தப் பக்கக் கூடத்தில் நம் படையாக நீல அணி, அந்தப் பக்கத்தில் எதிரியாக நடிக்கும் சிவப்பு அணி. நீல அணி ஒரு பட்டாலியனை மலைக்கணவாய் ஒன்றில் ஒளித்து வைத்தது. ரேடியோ கிடையாது, அசைவு கிடையாது, வண்டிகளுக்கு மேலே வலை. இடம் தெரிந்தவர்கள் ஐந்தே பேர். அதில் தாஹே ஒருத்தி. நம் விமானமே அங்கே குண்டு போட்டுவிடக் கூடாதென்று அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். செவ்வாயன்று சிவப்பு அணி முப்பத்தாறு ராக்கெட்டை நேரே கணவாயில் இறக்கியது. பட்டாலியன் மொத்தமும் காலி.

அந்த ஐவரில் தாஹேக்கு மட்டும்தான் புருஷன் சிவப்பு அணியில் இருந்தான். கேப்டன் ஜின்மோ.

கர்னல் ஆதாரத்தையும் மேஜைமேல் தள்ளி வைத்தார். தாஹேயின் கைபேசியிலிருந்து எடுத்த படம். கூடத்துக்குள்ளே கைபேசி கிடையாது. சாப்பாட்டு அறை வாசலில் வாங்கிக்கொள்ளலாம். திங்கள் பன்னிரண்டு நாற்பதுக்கு ஜின்மோ கேட்டிருந்தான், சாப்பிட்டியா என்று. சாப்பிட்டேன், ரெண்டாவது ஷிஃப்ட் என்று இவள் பதில். பட்டாலியன் ஒளிந்திருந்தது இரண்டாவது கணவாயில். செவ்வாய் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். சங்கேத மொழி என்றார் கர்னல்.

சுவரோரம் நின்ற சார்ஜென்ட் ஜெகலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முப்பது வயது, உருண்டை முகம், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"எங்கம்மா ஒரு நாளைக்கு மூணு தடவ சாப்டியான்னு கேக்குது சார். எந்த நாட்டு உளவாளின்னு இன்னிக்கே போன் போட்டு விசாரிச்சுடறேன்."

கர்னல் அவனைப் பார்த்த பார்வையில் ஜெகல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். நாம்குங் எழுந்தார். ஐந்து மணி வரைக்கும் நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

தாஹேயை மாடியில் பழைய வரைபட அறையில் வைத்திருந்தார்கள். கட்டில், நாற்காலி, தண்ணீர் பாட்டில். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து எடுத்துப் போயிருந்தார்கள். அவள் அழுத மாதிரி தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே சிள்வண்டு காதைக் கிழித்தது. அவளுக்கு அது கேட்டதாகவும் தெரியவில்லை.

"நான் சொல்லல சார். நாலு பேர்கிட்ட நாலு தடவ சொல்லியாச்சு. இன்னொரு தடவ சொன்னா எனக்கே சந்தேகம் வந்துடும்."

அவளுக்கு வேறு எதுவும் தோன்றுகிறதா என்று நாம்குங் கேட்டார்.

"அவரை நெனச்சாத்தான் பயமா இருக்கு. என்னைக் காப்பாத்தறேன்னு ஏதாவது விதியை மீறி, அவரும் மாட்டிக்கப் போறாரு. அப்படி எதுவும் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க சார்."

சொல்லிவிடுகிறேன் என்றார் நாம்குங். படியிறங்கும்போது ஜெகல் ஒன்றும் பேசாமல் வந்தான். அதிசயம்தான். கீழ்ப்படி வந்ததும் வழக்கத்துக்குத் திரும்பினான்.

"பொய் சொல்ற மூஞ்சி இல்ல சார் அது. பொய் சொல்ற மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும், தினம் கண்ணாடியில பாக்கறேன்."

"மூஞ்சியை வச்சு அறிக்கை எழுத முடியாது. ராக்கெட் விழுந்த படத்தை எடு."

கம்ப்யூட்டர் போரில் ஒரு நல்ல விஷயம், எதுவும் மறைந்துபோகாது. எந்த விநாடியில் எது எங்கே இருந்தது என்பது அப்படியே பதிவாகிக் கிடக்கும். ஜெகல் செவ்வாய் மதியத்தைத் திரையில் மறுபடி ஓட்டினான். கணவாய்க்குள் நீலப் புள்ளிகள். பன்னிரண்டு இருபது. சிவப்புப் பொட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. ஓரத்தில் இருந்த எண் அறுநூற்றுப் பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியது, இரண்டாவது வரிசை விழுந்ததும் சைபர். நாம்குங் அதை மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

நான்காவது தடவை அவர் எண்ணைப் பார்க்கவில்லை, பொட்டுகளைப் பார்த்தார்.

"தாஹே கம்ப்யூட்டர்ல ஏத்தின இடம் எது?"

ஜெகல் விரலை வைத்துக் காட்டினான். கணவாயின் நட்டநடு.

"ராக்கெட் விழுந்த இடம்?"

ஜெகல் விரலைத் தெற்கே இழுத்தான். முந்நூறு மீட்டர் தள்ளி, மண்பாதை வந்து முடியும் இடத்தில் அத்தனை ராக்கெட்டும் விழுந்திருந்தது. அங்கே கூடாரம் கிடையாது, பீரங்கி கிடையாது, ஒன்றும் கிடையாது. காட்டிக்கொடுத்தவள் நடுவைச் சொல்லியிருப்பாள். மேலும், திங்கள் மதியமே அவள் சொல்லியிருந்தால் திங்கள் மதியமே அடித்திருக்கலாம். ஒரு முழுநாள் எதற்குக் காத்திருந்தார்கள்? அதிலும் யாரும் ஒளிந்திராத மண்பாதை முனையை அடித்து ஆள் எல்லாம் எப்படிச் செத்தான்?

"நடுவுல இருந்த புள்ளியெல்லாம் எங்க போச்சு, பின்னாடி ஓட்டு."

பன்னிரண்டு பத்துக்குத் திரையில் ஏழு சின்னச் சதுரங்கள் மண்பாதையில் ஊர்ந்து வந்து முனையில் நின்றன. லாரிகள். நின்றதுதான் தாமதம், நீலப் புள்ளிகள் நாலாபக்கமும் வலையைவிட்டு வெளியே வந்து லாரியைச் சுற்றி மொய்த்தன. பட்டாலியன் முழுக்க ஒரே இடத்தில். ஜெகல் இன்னும் பின்னால் ஓட்டினான். திங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பிய லாரி. திங்கள் பதினொன்று நாற்பதுக்கு. திங்கள் மாலை ஐந்து மணிக்கு. செவ்வாய் காலை ஆறரைக்கு. ஒரு நிமிஷம் முன்பின் இல்லை.

ஜெகல் நாற்காலியில் சாய்ந்தான். "சோத்து வண்டி சார்."

நீல அணியில் சப்ளையைப் பார்த்தவர் மூத்த சார்ஜென்ட் தொக்சு. இருபத்திரண்டு வருஷம் ராணுவச் சமையல்கூடத்தில் இருந்தவர். முழங்கால் போனபின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய திரையின் ஓரத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. திங்கள், சோயா விழுதுச் சூப். செவ்வாய், காரப் பன்றிக்கறி. புதன், உலர்மீன் குழம்பு.

கம்ப்யூட்டரில் குழம்புக்கு இடம் இல்லையே என்று ஜெகல் கேட்டதற்கு, தெரியும் என்றார் தொக்சு.

உண்மையில் அங்கே லாரியே அனுப்ப வேண்டியதில்லை. ஒன்றும் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் தானாகவே நள்ளிரவில் எல்லாருக்கும் உணவு ஏற்றிக்கொள்ளும். மற்ற சப்ளைக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் விட்டிருந்தார்கள். தொக்சு முதல் நாளே அதை அணைத்துவிட்டு, மூன்று வேளையும் கையால் லாரி அனுப்பியிருந்தார். ஏன் என்று நாம்குங் கேட்டார்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு எவன் சார் சோறு திம்பான்?" தொக்சுவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பட்டாளம் பட்டினி கெடந்து நான் பாத்ததில்ல. நெஜப் பட்டாலியனுக்கும் இதே நேரந்தான், அச்சடிச்ச அட்டவணை இருக்கு. அதைப் பாத்துத்தான் அனுப்பினேன்."

நாம்குங் திரையைத் திருப்பிக் காட்டினார். விளக்கமாக ஒன்றும் சொல்லவில்லை. லாரி வந்தது, புள்ளிகள் மொய்த்தன, சிவப்பு விழுந்தது. தொக்சு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ நாந்தானா சார்?"

"ஆமா."

ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றும் என்று நாம்குங் காத்திருந்தார். தோன்றவில்லை.

"சாப்டப்புறம் விழுந்துச்சா, முந்தியா?" என்று கேட்டார் தொக்சு.

ஜெகல் நேரத்தைப் பார்த்துச் சொன்னான். லாரி வந்தது பன்னிரண்டு பத்து, ராக்கெட் பன்னிரண்டு இருபது.

"பத்து நிமிஷம்," என்றார் தொக்சு. "பாதிப் பேர் தட்டோட வரிசையில நின்னிருப்பான்." மஞ்சள் தாளைப் பிய்த்து நாலாக மடித்தார்.

மணி மூன்று ஐம்பது. ஊகம் சரிதான், ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு கர்னலிடம் போனால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகச் சிரிப்பார். சிவப்பு அணி என்ன தந்திரம் செய்தாலும் செய்வதற்கு முன்னால் நடுவரிடம் எழுதிப் பதிய வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்தத் தாள்கள் வெள்ளிக்கிழமை அலசல் கூட்டம் வரை சீல் வைத்த உறையில் இருக்கும். இது விசாரணை, விளையாட்டில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நடுவர் அறைக்காரர் ஒரே ஒரு உறையைப் பிரித்துக் கொடுத்தார்.

அதில் இரண்டே வரி. சாப்பாட்டு லாரியைப் பின்தொடர்வது. சாப்பாட்டு வேளையில் அடிப்பது. பதிந்த நேரம், திங்கள் மாலை ஐந்து ஐம்பது. யோசனை சொன்னவரின் பெயர் கீழே இருந்தது.

ஜெகல் எட்டிப் படித்துவிட்டு வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டான்.

கேப்டன் ஜின்மோ முற்றத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். ஒல்லி, படிய வாரிய முடி, இஸ்திரி கலையாத சட்டை. நாம்குங்கைக் கண்டதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தான். மனைவியைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் எப்போது தெரியும் என்று நாம்குங் கேட்டார். அவளைப் பிடித்தது செவ்வாய் மூன்று மணிக்கு. மூன்றேகாலுக்கே தனக்குச் சொல்லிவிட்டார்கள் என்றான்.

"அவங்க எதுவும் சொல்லலன்னு உலகத்துலயே உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

நாம்குங் உறையை எடுத்துக் காட்டினார். அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மாட்டிக்கொண்டவனின் முகமாக இல்லை, சுமையை இறக்கி வைத்தவனுடையது போல இருந்தது.

"விதி சார். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முறையை வெளிய விடக் கூடாது."

"நடுவர்கிட்ட சொல்லலாம். அதுக்கு விதியில எடம் இருக்கு."

"நடுவர் விசாரணைக்குச் சொல்வார், விசாரணை நீல அணிக்குச் சொல்லும். அவங்க லாரியை நிறுத்திடுவாங்க." ஜின்மோ குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு அஞ்சரைக்கு இன்னொரு பட்டாலியன் சாப்பிட வருது சார். எண்ணூறு பேர். நெஜமான எதிரி இதை விடமாட்டான். நாம விட்டுக் கொடுத்தா இந்தப் பயிற்சியே எதுக்கு?"

"வேன் அஞ்சு மணிக்கு."

"தெரியும். அஞ்சு முப்பத்தஞ்சுக்கு நானே போன் பண்றதா இருந்தேன். அதுக்குள்ள வேன் சியோல் போயிருக்காது, பாதி வழியில திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாம். கணக்குப் போட்டுத்தான் வச்சிருந்தேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் நாம்குங்குக்கு என்னவோ செய்தது, ஆனால் என்ன செய்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. பல் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டபின் ஈறைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. இவன் செவ்வாய்க்கிழமை அறுநூறு பேரைத் தீர்த்துவிட்டு, இருபத்தொரு நிமிஷம் கழித்து மனைவியிடம் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறான். அக்கறையாகத்தான் கேட்டிருப்பான்.

"உங்க மனைவி ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க," என்றார் நாம்குங். "அவங்களுக்காக விதி எதையும் மீற வேணாமாம்."

ஜின்மோ தலையை ஆட்டினான். நன்றி என்றான்.

நாலரைக்குக் கர்னல் மியோங் உறையைப் படித்தார், திரையையும் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமாக இல்லை. துரோகி என்றால் ஒரு பக்கத்தில் அறிக்கை முடிந்துவிடும், சோறு என்றால் மொத்தப் படையின் அட்டவணையையும் மாற்றி எழுத வேண்டும், நிஜப் பட்டாலியன்களும் நாள்கணக்கில் ஒளிந்த இடத்திலேயே ஆறிய பொட்டலம் தின்ன வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். லாரி அனுப்பிய மடையன் யார் என்று கேட்டார். அச்சடித்த அட்டவணை என்றார் நாம்குங். அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்து கர்னலுடையதுதான் என்பதை ஜெகல் மிகவும் பணிவாக எடுத்துக் காட்டினான்.

கர்னல் தொலைபேசியை எடுத்து வேன் வேண்டாம் என்றார். அடுத்த அழைப்பில் மாலை லாரிகளை நிறுத்தினார். எண்ணூறு பேரும் பிழைத்தார்கள்.

வரைபட அறைக்கு மேலே போகும்போது நாம்குங் கையில் பூட்ஸ் கயிறு இருந்தது. தாஹே கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் போகலாம், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, எழுத்தில் வரும் என்றார். அவள் கயிற்றை வாங்கிக் கோர்க்க ஆரம்பித்தாள். அவர்களுக்கு இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். நாம்குங் லாரியைப் பற்றிச் சொன்னார். அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"கெட்டிக்காரத்தனந்தான். யாருக்குத் தோணிச்சு?"

ஜெகல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிவப்பு அணியில் யாரோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நாளைக்கு அலசல் கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் திரையில் பெயர் போடுவார்கள். அங்கே கேட்பதைவிட இங்கே கேட்கட்டும் என்று நாம்குங் நினைத்தார்.

"கேப்டன் ஜின்மோவுக்கு."

கயிறு கோர்த்த கை நின்றது.

"எப்போ?"

"திங்கள் சாயங்காலம்."

"என்னைப் பிடிச்சது செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

"பிடிச்சது அவருக்குத் தெரியுமா?"

"கால் மணி நேரத்துல தெரியும்."

அவள் மீதிக் கயிற்றையும் கோர்த்தாள். ஒவ்வொரு கண்ணாக, அவசரமில்லாமல், இரண்டு காலுக்கும். முடிச்சுப் போட்டாள். நாம்குங் நின்றுகொண்டே இருந்தார். இத்தனை வருஷம் எத்தனையோ வாசலில் நின்று சேதி சொன்னவர். செத்தவன் உயிரோடு இருக்கும் வீட்டில் சொன்னதில்லை.

கேப்டன் கீழே காரோடு நிற்கிறார், வீட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கியிருக்கிறார் என்று ஜெகல் மெதுவாகச் சொன்னான்.

தாஹே எழுந்தாள். கதவு வரை வந்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இங்கயே இருந்துக்கறேன் சார்."

இருங்கள் என்றார் நாம்குங். அவர் கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது, அதே ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"இந்தப் பக்கம் தாழ்ப்பா இல்ல. வெளியில பூட்டிடுங்க சார்."

ஜெகல் அவர் முகத்தைப் பார்த்தான். நாம்குங் காவலரிடம் சாவியை வாங்கி, பூட்டினார்.